சட்டைப்பைக்குள் சிவப்பு ரிப்பன்

விமானத்தின் இரண்டு காற்றாடிகளும் சுழன்றுகொண்டிருந்தன. அதன் மூக்குக்கும் எனக்கும் நடுவில் இருபதடி இருக்கும். சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. கண்ணாடிக்குள்ளிருந்து கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காட்ட வேண்டியதைக் காட்டினால் அவர் கிளம்பிவிடுவார். அது என் சட்டைப்பைக்குள் இருந்தது.

வேலியோரம் நின்று எங்கள் டெபுடி என்ஜினியர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "சங்கரபாண்டி, காட்டுய்யா. பொழுது போகுது, காட்டித் தொலை."

நான் காட்டவில்லை. விமானத்துக்கு அடியில் வேலை பார்க்கப் போனவர்கள் ஐந்து பேர். வெளியே வந்து நின்றவர்கள் நான்கு பேர்.

தலைக்கு மேலே பேசுகிறவன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன். எழுபதுகளில் நெய்வேலிக்கு வந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்னல்மேனாகச் சேர்ந்தேன். கை காட்டுகிற வேலை. "இதுக்குப் போய் ஒரு சம்பளமா" என்று என் மாமனார் கல்யாணத்துக்கு முன்பே கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சச இயந்திரம் ஒன்று உண்டு. அதன் சக்கரமே இரண்டு மாடி உயரம். ஓட்டுகிறவர் உச்சியில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். தான் எதன்மேல் ஏறுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. படிபடியாக வெட்டிய சுரங்கத்தில் ஒரு மண்தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு அந்த இயந்திரத்தை நடத்திப் போகும்போது, கீழே ஒருவன் ஒரு போன் கருவியை அதன் துளையில் சொருகிக்கொண்டு, ஒயரை இழுத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அந்த ஒருவன் நான்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. நான் "இடது பக்கம் ஒரு மீட்டர்" என்றால், மேலேயிருந்து "இடது பக்கம் ஒரு மீட்டர்" என்று அப்படியே திரும்பி வர வேண்டும். "சரி", "ஓகே", "ம்" எதுவும் செல்லாது. சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் கேட்டான் என்று அர்த்தம்.

ஒரு ஆபரேட்டர் இருந்தார், பெரிய சீனியர். எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்பார். ஒருநாள் நான் போனைத் தோளில் மாட்டிக்கொண்டு, மண்ணில் சம்மணம் போட்டு, டிபன் கேரியரைத் திறந்து புளியோதரை சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். இயந்திரம் அப்படியே நிற்கிறது. மேலேயிருந்து வசவு. நான் இரண்டாவது அடுக்கைத் திறந்தேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலது பக்கம் அரை மீட்டர்" என்று திருப்பிச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன். வாங்கியது வாங்கியதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு, இந்தக் கதைக்கு அது வேண்டும். கன்வேயர் பெல்ட்டுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யப் போகிறவன், முதலில் கரண்ட் பெட்டியிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். யாரிடமும் கொடுக்க மாட்டான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, ஷிப்ட் அதிகாரியாக இருந்தாலும் சரி. வெளியே வந்து அவன் கையாலேயே திரும்ப மாட்டுகிற வரை பெல்ட் ஓடாது. உயிர் சட்டைப்பையில் இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம்.

வெள்ளைச் சட்டையும் காக்கிச் சட்டையும்

எண்பதுகள் பிறந்து சில வருடங்கள் ஆனபின், டவுன்ஷிப்புக்குப் பக்கத்து ஓடுதளத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு சின்ன விமானம் வர ஆரம்பித்தது. பதினைந்து பேர் உட்காரலாம். வடலூரிலிருந்து சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள். முறுக்கு, பட்டாணி வியாபாரம்கூட நடந்தது.

விமானம் வந்து நிற்கிற இடம் ஒரு சின்ன சிமெண்ட் சதுரம். முன்னால் வேலி, பக்கத்தில் வாய்க்கால். உள்ளே மூக்கை நுழைத்தால் தானாகத் திரும்ப வழியில்லை. விமானத்துக்கு ரிவர்ஸில் போகிற பழக்கமும் இல்லை. டிராக்டரில் ஒரு இரும்புத் தண்டைக் கட்டி, முன்சக்கரத்தில் கோத்து, பின்னால் தள்ளிவிட வேண்டும்.

அதற்கு மெட்ராஸிலிருந்தே ஒரு மெக்கானிக் கூட வந்துகொண்டிருந்தார், வர்கீஸ் என்று பெயர். பதினைந்து சீட்டில் அவருக்கு ஒன்று போனது. "அந்த சீட்டில் எங்கள் அதிகாரி ஒருவர் போகலாமே" என்று யாரோ யோசித்தார்கள். சுரங்கத்தில் சிக்னல் தெரிந்தவர்கள் இல்லையா என்று கேட்டார்கள். டெபுடி சார் என்னைக் கைகாட்டினார்.

எனக்குக் கீழே ஐந்து பேர். டிராக்டர் ஓட்ட ஒருவர், இரண்டு இறக்கைகளின் நுனியைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், சக்கரம் உருளாமல் கட்டை வைக்கவும் எடுக்கவும் இரண்டு பேர். கட்டை வைக்கிறவர்களில் ஒருவன் கலியபெருமாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், காண்ட்ராக்ட் ஆள். ஏழெட்டு வருஷமாக அவன் பெயர் பெர்மனென்ட் லிஸ்ட்டில் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வர்கீஸ் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். விமானத்தின் மூக்கருகே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் போன் சொருகுகிற துளை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, எங்கள் ராட்சசனுக்கும் இதே மாதிரித் துளைதான். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு நான் சொல்ல வேண்டிய முதல் வரி, "ரிலீஸ் பிரேக்ஸ்."

சொன்னேன். காதுக்குள் கேப்டன் குரல், "பிரேக்ஸ் ரிலீஸ்ட்."

சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கல்கத்தாக்காரர், ஆகாயத்தில் போகிறவர். அவருக்கும் எங்கள் சட்டம்தான். எனக்கு மார்பு விம்மியது, வெட்கப்படாமல் சொல்கிறேன். மாமனார் பக்கத்தில் இல்லையே என்றுதான் குறை.

பிளேன் சாவி

முதன்முதலாக வர்கீஸ் இல்லாமல் நாங்களே செய்த நாளில் என் மானம் போனது.

விமானத்தைத் தள்ளும்போது முன்சக்கரத்தில் ஒரு லாக்பின் சொருகியிருப்பார்கள். சுண்டுவிரல் நீளம். அதன் வாலில் நீளமான சிவப்பு ரிப்பன். அது உள்ளே இருக்கும்வரை கேப்டனால் முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. தள்ளி முடிந்ததும் நான் அதைப் பிடுங்க வேண்டும். பிறகு என்ஜின் ஓடத் தொடங்கும். நான் காது போனைக் கழற்றிக்கொண்டு, கேப்டன் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்து, பின்னை உயர்த்தி ரிப்பன் தெரியக் காட்ட வேண்டும். அதன்பிறகுதான் சல்யூட்.

பின்னைப் பிடுங்கினேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எத்தனை வருஷப் பழக்கம், சொல்லுங்கள். பையில் போட்டு, பட்டனையும் மாட்டிக்கொண்டு, முன்னால் வந்து சல்யூட் அடித்தேன்.

விமானம் நகரவில்லை. இன்னொரு சல்யூட் அடித்தேன். கேப்டன் இரண்டு விரலை ஆட்டி ஏதோ கேட்டார். மூன்றாவது சல்யூட்டை இன்னும் விறைப்பாக அடித்தேன்.

பின்னாலிருந்து கலியபெருமாள், "அண்ணே, சலூட்டு பத்தலயாட்டம் கீது. கும்புடு போட்டுப் பாருங்க" என்றான்.

என்ஜின்கள் நின்றன. கேப்டன் இறங்கி வந்தார். லாக்பின் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். நான் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "சேஃப் சார், வெரி சேஃப்" என்றேன், பெருமையாக.

வேலியோரம் நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பு வடலூர் வரை கேட்டிருக்கும். டெபுடி சார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி எங்கள் பிளாக்குக்கு வந்துவிட்டது. பால் பூத்தில் யாரோ என் மனைவி செண்பகத்திடம், "உங்க வீட்டுக்காரர் பிளேன் சாவியை எடுத்துட்டு வந்துட்டாராமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது மட்டும் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரயில் கியில் ஏதும் இல்லையே" என்றாள்.

அடுத்த முறை கேப்டன் வந்தபோது தானாகவே என்னிடம் வந்தார். ஏன் பையில் போட்டாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷிலும் கைஜாடையிலும் ஃப்யூஸ் கதையைச் சொன்னேன். உள்ளே ஆள் இருந்தால் ஃப்யூஸ் பையில் இருக்கும், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நின்று முழுவதும் கேட்டார்.

பிறகு மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உங்கள் வழக்கம் நல்ல வழக்கம். பையிலேயே வைத்துக்கொள். ஆனால் என் இறக்கைக்கு அடியில் ஒருவரும் இல்லை என்று உனக்கு உறுதியானதும் எடுத்து எனக்குக் காட்டு. நீ காட்டாமல் நான் நகர மாட்டேன். வேறு யார் சொன்னாலும் நகர மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சிக்னல்மேன் கையில் ஒரு விமானத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார் மனிதர். அன்று முதல் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் ஆள் எண்ணுவதை நான் வைத்துக்கொண்டேன். சுரங்கத்தில் செய்வதுதான்.

நாலு பேர்

இனி முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

அன்று மெட்ராஸில் மழையாம், விமானம் தாமதமாக வந்து சேர்ந்தது. திரும்பிப் போகிற நேரத்தில் சூரியன் சுரங்கத்து மண்மேட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. எங்கள் ஓடுதளத்தில் விளக்கு கிடையாது. இருட்டினால் அவ்வளவுதான், விமானம் இங்கேயே படுக்க வேண்டும். உள்ளே டெல்லிக்குப் போக வேண்டிய பெரிய அதிகாரி வேறு உட்கார்ந்திருந்தார். டெபுடி சார் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

தள்ளினோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும், ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு கட்டைகளை வைத்தோம். தண்டைக் கழற்றினோம். பின்னைப் பிடுங்கிப் பையில் போட்டேன். இரண்டு என்ஜின்களும் ஓடத் தொடங்கின. கட்டையை எடுக்கச் சொல்லிக் கேப்டன் கேட்டார், ஆட்களுக்குக் கை காட்டினேன். காது போனைக் கழற்றி மூடியைச் சாத்தினேன். இதற்குமேல் அவருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது, கண்ணும் கையும்தான்.

முன்னால் வந்து நின்று எண்ணினேன். டிராக்டர்காரர். இறக்கைக்காரர்கள் இரண்டு பேர். கட்டைக்காரர்களில் ஒருவர். கலியபெருமாளைக் காணோம்.

மறுபடி எண்ணினேன். நாலுதான்.

அவன் எங்கே இருப்பான் என்று புரிந்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து தெரியாத அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில். அவன் தலைக்கு மூன்றடி தள்ளிக் காற்றாடி சுழல்கிறது. சுழலும்போது அது கண்ணுக்கே தெரியாது, வெறும் காற்றுமாதிரி இருக்கும். நான் உள்ளே ஓடினால் இரண்டு பேராகிவிடுவோம். கேப்டனும் என்னைப் பார்க்க முடியாது. சுரங்கத்தில் படித்த பாடம் அது, இருக்கிற இடத்தை விட்டு அசையாதே.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டேன்.

கேப்டன் உடனே தன் இரண்டு கையையும் கண்ணாடிக்கு நேராக உயர்த்திக் காட்டினார். எதையும் தொடவில்லை என்று சொல்கிறார். இதை வர்கீஸ் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் டெபுடி சாரின் கத்தல். கத்திப் பார்த்து, நான் அசையவில்லை என்றதும் ஓடி வந்துவிட்டார். "என்னய்யா வேடிக்கை காட்றே? உள்ள யார் இருக்காங்க தெரியுமா? அன்னைக்குப் பண்ண கூத்து போதாதா?" என்று சொல்லிக்கொண்டே என் சட்டைப்பைப் பட்டனை அவரே கழற்றினார். ரிப்பன் நுனி வெளியே வந்துவிட்டது.

ஒரு கையை இறக்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அதிகாரியைத் தொட்டது அதுதான் முதலும் கடைசியும்.

"சார், கைய எடுங்க. நாலு பேர்தான் நிக்காங்க. நீங்களே எண்ணுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் கை என் பையிலிருந்து தானாக வெளியே வந்தது. நல்ல மனிதர்தான், அவசரக்காரர். அப்படியே என் பக்கத்தில் நின்று அவரும் இரண்டு கையையும் தூக்கிப் பெருக்கல் குறி போட்டார். கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவி வந்துவிட்டது.

அந்தப் பக்கத்துக் காற்றாடி மெல்ல மெல்லத் தணிந்து, இலை இலையாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றது. கேப்டன் அணைத்துவிட்டார். எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். மூன்றோ நான்கோ இருக்கும். அதற்குள் நான் கலியபெருமாளின் வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்துவிட்டேன்.

வால் பக்கத்திலிருந்து குனிந்தபடியே வந்தான். முகமெல்லாம் புழுதி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டை.

அவன் மற்ற நால்வரோடு போய் நிற்கும்வரை காத்திருந்தேன். மூன்றாம் முறை எண்ணினேன். ஐந்து. அணைத்த என்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு பையிலிருந்து பின்னை எடுத்து, ரிப்பன் முழுவதும் தொங்க உயர்த்திக் காட்டினேன். கேப்டன் தலையசைத்தார். மண்மேட்டுக்கு மேலே ஒரு விரற்கடை வெளிச்சம் மிச்சமிருந்தபோது விமானம் தரையை விட்டது.

நான் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதில் என்ன. அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஏலே, உனக்குக் கிறுக்கா? சொல்லாமக் கொள்ளாம என்னத்துக்குல உள்ள போன?"

"கட்டைல கவுறு அறுந்து போச்சுண்ணே. பின்னாடிக் கட்ட அங்கயே கெடந்துச்சு. எடுத்துக்கினு வந்துர்லாம்னு பூந்துட்டேன்."

"கட்ட போனா போகுதுல. மரக்கட்டதான."

அவன் கட்டையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். "நீங்க அப்டிச் சொல்றீங்க. கட்ட காணாமப் போச்சுனா ஸ்டோர்ல கேப்பாங்க, காண்ட்ராக்ட்காரன் கேப்பான், ஆபீஸ்ல கேப்பாங்க. நான் காணாமப் போனா எவண்ணே கேப்பான்?"

டெபுடி சார் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதிகாரி கையைப் பிடித்ததற்கு எனக்கு மெமோ வரும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தேன், வரவில்லை. கலியபெருமாள் பெர்மனென்ட் ஆக அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஆயின. அந்தக் கதை தனி.

அடுத்து அதே கேப்டன் வந்த நாள். காது போனைச் சொருகினேன். தண்டு மாட்டியாகிவிட்டது, டிராக்டர் தயார். "ரிலீஸ் பிரேக்ஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் முந்திக்கொண்டது. புத்தகத்தில் இல்லாத வரி, வர்கீஸ் சொல்லித்தராத வரி.

"கிரவுண்ட், ஹவ் மெனி மென்?"

"ஃபைவ் மென், சார்."

"ஃபைவ் மென்" என்று திருப்பிச் சொன்னார். பிறகுதான் பிரேக்கைப் பற்றிப் பேசினோம்.

சக்கரத்துக்கருகில் குந்தியிருந்த கலியபெருமாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இன்னாண்ணே, புதுசா இன்னாவோ பேசறாப்ல கீது. இன்னா கேட்டாரு?"

"உன்னத்தாம்ல கேட்டாரு" என்றேன்.